யார் செய்த வினை? குழந்தைகளின் வலிப்பும் அதைச் சூழ்ந்த அறக் கேள்வியும்

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலின்போது ஒரு முறையாவது வலிப்பு வருகிறது. கண் மேலே செருகுகிறது, பல் கிட்டிக்கொள்கிறது, கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் அது அடங்கிவிடும். குழந்தை அழுதுகொண்டே விழிக்கும், இல்லையென்றால் அயர்ந்து தூங்கும். உடல் முழுவதையும் ஒருசேரப் பற்றி, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் திரும்பி வராத வலிப்பை எளிய காய்ச்சல் வலிப்பு என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. அது மூளைக்குக் கேடு செய்வதில்லை. பிள்ளையின் படிப்பையும் அறிவையும் தொடுவதில்லை. மூன்றில் ஒரு குழந்தைக்கு அடுத்த காய்ச்சலில் மறுபடி வரலாம். வயது ஏற ஏற விட்டுப்போகும். மருத்துவர் இதை எவ்வளவு பொறுமையாக எடுத்துச் சொன்னாலும், முதல் முறை அதைக் கண்ட தாயின் மனத்தில் பதிந்திருப்பது வேறு: பிள்ளை தன் மடியிலேயே செத்துப் பிழைத்தது.

இதே அடையாளங்களோடு தொடங்கி வேறு இடத்தில் முடியும் நோய்களும் உண்டு. மூளைத் திசுவையே கிருமி தாக்கி அழற்சி உண்டாக்கும் மூளைக்காய்ச்சல், மூளையைப் போர்த்திய உறைகளைப் பற்றும் மூளை உறைக் காய்ச்சல், மூளையைத் தாக்கும் மலேரியா, இரத்தத்தில் சர்க்கரை திடீரென வற்றிப்போதல் ஆகிய எல்லாமே சிறு குழந்தைகளிடம் வலிப்பாக வெளிப்படும். இவற்றில் அஞ்ச வேண்டியது மூளை வீக்கம். மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி. அதற்குள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் அளவாக அடங்கியிருக்கின்றன. ஒன்று பெருத்தால் மற்றவை இடம் விட வேண்டும். விட இடமில்லாதபோது உள்ளழுத்தம் ஏறி, மூளைக்கு வரும் இரத்தமே தடைப்படுகிறது. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி மூடாமலிருப்பதால் சற்றுத் தாங்கும். அந்த உச்சிக்குழி புடைத்து நிற்பது அபாயத்தின் அறிகுறி. வலிப்பு நீள நீள மூளைக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் சர்க்கரையும் கூடுகின்றன, கிடைப்பது குறைகிறது, வீக்கம் இன்னும் ஏறுகிறது. 5 நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பை மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு வீட்டுக் குழந்தை மறுநாள் காலை எழுந்து விளையாடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை மூன்றாம் நாள் இறந்துபோகிறது, அல்லது பிழைத்தும் பேச்சையும் நடையையும் இழக்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாதிருந்த காலமெல்லாம் மனிதர் கேட்டது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளைக்கு ஏன்? தவறு செய்யும் வயதே வராத உயிர் எதற்காகத் துன்புற வேண்டும் என்பது சமயங்கள் அனைத்தையும் நெருக்கிய கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எதனால் வந்தது என்பது ஒன்று. யார் குற்றம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தெடுக்க மனித இனத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. இன்றும் முழுதாகப் பிரிந்தபாடில்லை.

பாபிலோனில் கி.மு. 11-ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட சகிக்கு என்ற நோயறி நூலின் களிமண் பலகைகளில் ஒன்று வலிப்பு நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. வலிப்பின் வகைகளை வியக்கத்தக்க நுட்பத்தோடு அது பிரிக்கிறது. பிரித்த பிறகு ஒவ்வொன்றையும் ஒரு பேயின், ஆவியின் அல்லது தெய்வத்தின் கை என்கிறது. இந்திய மரபில் இதற்கு இணையானது சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம். குழந்தைகளைப் பற்றும் 9 கிரகங்களை அது விவரிக்கிறது. அவற்றுள் ஸ்கந்தாபஸ்மாரம் பற்றிய குழந்தை நினைவிழந்து மீளும், கைகால் உதறும், நுரை கக்கும் என்ற விவரிப்பு ஐயமின்றி வலிப்பையே சொல்கிறது. இக்கிரகங்கள் வந்த கதையும் அங்கேயே உண்டு. குழந்தை முருகனைக் காக்கப் படைக்கப்பட்டவை அவை. முருகன் வளர்ந்து தேவர் படைக்குத் தலைவனானதும் தமக்கு ஒரு பிழைப்பு வேண்டும் என்று அவை கேட்டன. தெய்வத்தையும் முன்னோரையும் விருந்தினரையும் பேணாத, தூய்மை கெட்ட, உடைந்த பாத்திரத்தில் உண்ணும் வீடுகளின் குழந்தைகளைப் பற்றிப் பிழைக்குமாறு சிவன் விடை தந்தார். மகாபாரதத்தின் வனபர்வமும் இக்கிரகங்களைப் பேசுகிறது. 16 வயது வரை அவை பிள்ளைகளுக்கு ஆகாதவை என்கிறது. தமிழ் வீடுகளில் இன்றும் வழங்கும் பாலகிரக தோஷம், பட்சி தோஷம் என்பவை இந்த நம்பிக்கையின் உறவுகள்.

இந்தக் கதையில் தீங்கு மேலுலகிலிருந்து வருகிறது, குற்றம் மட்டும் தாயின் அடுப்படியில் வந்து விழுகிறது. அதே சமயம் இம்மரபை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. நீராட்டு, புகை, படையல் என்று அது விதித்தவை, செய்வதற்கு ஏதுமற்ற இரவுகளில் ஒரு குடும்பத்துக்குச் செய்ய ஒன்றைக் கொடுத்தன, யாரையும் காயப்படுத்தவில்லை. காயம் வேறு வழிகளில் வந்தது. வலிப்பு வந்த குழந்தையின் உடலில் சூட்டுக்கோல் இழுப்பது, கிட்டிய பல்லுக்கிடையே கரண்டியைத் திணிப்பது, கையில் இரும்பைக் கொடுத்துவிட்டு அது நிற்கும் என்று காத்திருப்பது, மந்திரிக்கப் போய் மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தைத் தொலைப்பது ஆகியவற்றால் இழந்த உயிர்களும் உறுப்புகளும் பல. குற்றத்தின் நிழல் பிள்ளை வளர்ந்த பிறகும் விடவில்லை. வலிப்பு நோய் இருந்தால் திருமணம் செல்லாது என்று வாதிட இந்துத் திருமணச் சட்டத்திலேயே இடமிருந்தது. 1999-இல்தான் அச்சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

காரணத்தையும் குற்றத்தையும் பிரிக்க எழுந்த முதல் பெரிய வாதம் கிரேக்கத்தில், கி.மு. 400-ஐ ஒட்டிப் பிறந்தது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் தொகுப்பில் புனித நோயைப் பற்றிய ஒரு சிறு நூல் இருக்கிறது. வலிப்பைத்தான் கிரேக்கர் புனித நோய் என்றனர். வலிப்பு வந்தவர் ஆட்டைப்போலக் கத்தினால் தெய்வத்தாய், குதிரையைப்போலக் கனைத்தால் கடல் தெய்வம், நுரை தள்ளி உதைத்தால் போர்த் தெய்வம் என்று பட்டியலிட்ட பூசாரிகள், நோயாளியை ஆட்டிறைச்சி உண்ணாதே, ஆட்டுத்தோலில் படுக்காதே என்று விலக்கி வைத்தனர். நூலாசிரியர் கேட்கிறார்: ஆடுதான் காரணம் என்றால், ஆட்டுத்தோலில் படுத்து ஆட்டிறைச்சியே உண்டு வாழும் லிபியாவின் உள்நாட்டு மக்கள் அனைவருக்குமல்லவா இந்நோய் வர வேண்டும்? உணவை விலக்கியதால் நோய் தணிகிறது என்றால் தணிப்பது உணவா தெய்வமா? பிறகு தம் சான்றை வைக்கிறார். இதே நோயால் இறந்த ஆட்டின் தலையைப் பிளந்து பாருங்கள்; மூளை நீர் கோத்து, ஈரமாக, நாற்றத்தோடு இருக்கும்; உடலைக் கெடுப்பது தெய்வம் அன்று, நோய்தான் என்று அப்போது தெரியும் என்கிறார். வலிப்பையும் மூளை வீக்கத்தையும் ஒரே பார்வையில் இணைத்த மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று. சளி மூளைக் குழாய்களை அடைப்பதே காரணம் என்று அவர் முடிவுசெய்தது தவறு. ஆனால் அவருடைய சமயவாதம் இன்றும் வலுக் குறையாதது. தெய்வம் தூய்மை என்றால், தூய்மையானது மனித உடலை மாசுபடுத்தும் என்று சொல்வதே தெய்வ நிந்தனை என்கிறார். நோய்கள் எல்லாமே தெய்விகம், எல்லாமே மானிடம், ஒன்றை மட்டும் தனியே பிரித்துப் புனிதம் என்பதற்கு இடமில்லை என்கிறார். அவர் கடவுளை மறுக்கவில்லை. கடவுளின் பெயரால் ஒரு நோயாளியைக் குற்றவாளியாக்குவதைத்தான் மறுத்தார்.

இந்திய மருத்துவத்திலும் அந்தப் பிரிப்பு நடந்தது. சரக சங்கிதையின் நிதான ஸ்தானம் மனநோயைப் பேசுமிடத்தில், தன் செயலால் வந்த நோய்க்குத் தேவரையோ முன்னோரையோ அரக்கரையோ பழிக்காதே என்று அறிவுறுத்துகிறது. அறிவின் பிழையே நோயின் வேர் என்பது சரகரின் கொள்கை: நன்மை தீமை தெரிந்தும் தவறாகத் தேர்வது. பெரியவர்களுக்கு இது பொருந்தும். பால் குடிக்கும் குழந்தை எதைத் தேர்ந்தது? இந்த இடத்தில் கொள்கை தடுமாறத்தான் வேண்டும். தடுமாறிய இடத்தில்தான் சரகரின் நூல் மிக ஆழமான ஒன்றைச் சொல்கிறது. விமான ஸ்தானத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், பாஞ்சால நாட்டின் காம்பில்யத்தில் கங்கைக் கரையில் நடந்துகொண்டே அக்கினிவேசர் ஆசானிடம் கேட்கிறார்: மனிதருக்கு உடல்வாகு வேறு, உணவு வேறு, வயது வேறு, அப்படியிருக்க ஒரே நோய் ஒரே நேரத்தில் ஒரு நாட்டையே எப்படி அழிக்கிறது? ஆத்திரேயர் விடை கூறுகிறார். காற்று, நீர், நிலம், காலம் இந்நான்கும் எல்லோருக்கும் பொது. அவை கெடும்போது நோயும் பொதுவாகிறது. அவை ஏன் கெடுகின்றன? நாட்டையும் நகரையும் ஊரையும் ஆள்பவர்கள் அறம் தவறுவதால். அங்கிருந்து அது மக்களிடம் பரவுகிறது. கொள்ளைநோயில் இறக்கும் குழந்தையின் வினையைத் தேடி முற்பிறவிக்குப் போக வேண்டியதில்லை, அரசவைக்குப் போனால் போதும் என்பதே இதன் உட்பொருள். குழந்தை நோய்களை விவாதிக்கும் எவரும் இந்த அத்தியாயத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

வினைக் கொள்கையின் வலிமை, உலகில் நீதி இல்லாமலில்லை என்று அது தரும் உறுதி. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த சைவ சித்தாந்தம் இதை மேலும் நுட்பமாக்கியது. வினை அறிவற்றது, தானே சென்று செய்தவனைச் சேராது, இறைவனே அதைச் சேர்ப்பிக்கிறான். சேர்ப்பிப்பதும் பழிவாங்க அன்று, உயிரின் மலம் கழிய. மருத்துவன் தரும் கசப்பு மருந்துபோல அதுவும் கருணைதான், மறக்கருணை. நோயாளிக்கு மருந்தின் காரணம் தெரிய வேண்டுமென்பதில்லை என்பதால், குழந்தைக்கு முற்பிறவி நினைவில்லையே என்ற மறுப்பையும் இது ஓரளவு சமாளிக்கிறது. துன்புறுபவர் தம் துன்பத்தைத் தாமே இப்படி ஏற்றுக்கொள்ளும்போது அதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் அதே வாக்கியத்தை எடுத்து, வலிப்பில் துடிக்கும் பிள்ளையின் தாயிடம் சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. கொள்கை மாறவில்லை, சொல்பவரும் கேட்பவரும் மாறினார்கள். ஒருவர் தமக்குச் சொல்லிக்கொள்ள உரிமையுள்ள விளக்கத்தைப் பிறர் குழந்தை மேல் சுமத்த யாருக்கும் உரிமையில்லை.

புத்தர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவி வந்து, மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பம் அனைத்தும் முன்வினையாலேயே என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்கிறான். பித்தம், சளி, வாதம், அவற்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனக் குறைவு, தாக்குதல் என்று ஏழு காரணங்களை எண்ணிவிட்டு, எட்டாவதாகவே வினையின் விளைவைச் சொல்கிறார் புத்தர். எல்லாவற்றையும் வினையின் தலையில் ஏற்றுவோர் தாங்கள் கண்டறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார். திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் தந்ததோடு நிற்கவில்லை. மருந்து என்றொரு தனி அதிகாரமும் வைத்தது. வினைக் கொள்கையை ஏற்ற மரபுகளே நோயின் காரணத்தை முழுதாக அதனிடம் ஒப்படைக்கவில்லை.

தமிழ்ச் சமயத்தில் வலிப்பு நோய்க்கு நேரடியான ஓர் இடம் உண்டு. நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகன் வடமொழியில் அபஸ்மாரன். இரு பெயரும் வலிப்பு நோய்க்கும் வழங்கியவை. திருச்சிக்கு அருகில் இன்று திருவாசி எனப்படும் திருப்பாச்சிலாச்சிராமத்தில், கொல்லி மழவனின் மகள் முயலகன் நோயால் உணர்விழந்து கிடந்தாள். தந்தை அவளைக் கோயிலில் இறைவன் முன் கிடத்தியிருந்தான். அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் எழுந்தாள் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவ்வூர் நடராசர் முயலகனுக்குப் பதில் பாம்பின்மேல் ஆடுவதாகத் தலமரபு. நோய் நீங்கிய அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. கவனிக்க வேண்டியது பதிகத்தின் தொனி. சம்பந்தர் அந்தப் பெண் என்ன வினை செய்தாள் என்று கேட்கவில்லை, மழவனின் குலத்தில் குறை தேடவில்லை. இந்தப் பெண்ணை இப்படி வாடச் செய்வது உன் பெருமைக்குத் தகுமா என்று பாட்டுக்குப் பாட்டு சிவனைக் கேட்கிறார். விசாரிக்கப்படும் இடத்தில் இறைவன் நிற்கிறான், நோயாளி நிற்கவில்லை. பக்தியின் உச்சத்தில் இருப்பவரால் மட்டுமே இவ்வளவு உரிமையோடு கேட்க முடியும். நோயுற்ற பிள்ளையின் முன் நிற்கும் நம்பிக்கையாளர் எப்பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி தமிழில் இல்லை.

கிறிஸ்தவ நற்செய்திகளில் மாற்கு 9-ஆம் அதிகாரம் சிறுவயதிலிருந்தே வலிப்பால் துன்புறும் ஒரு பையனைக் காட்டுகிறது. தீயிலும் நீரிலும் விழுகிறான், நுரை தள்ளுகிறான், விறைத்துப்போகிறான். அங்கே காரணம் தீய ஆவி. ஆனால் பையனையோ தகப்பனையோ இயேசு குற்றம் சொல்வதில்லை. நம்பிக்கையும் ஐயமும் கலந்து தவிக்கும் தகப்பனின் மன்றாட்டை அப்படியே ஏற்கிறார். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்கும்போது, இவனும் இல்லை பெற்றோரும் இல்லை என்பது அவருடைய விடை. இஸ்லாத்தில் குழந்தை பாவமின்றிப் பிறக்கிறது என்பது அடிப்படை. அதனாலேயே குழந்தையின் துன்பம் அங்கே இறையியலாளர்களுக்குக் கடினமான கேள்வியானது. 10-ஆம் நூற்றாண்டின் அல்-அஷ்அரி, மூன்று சகோதரர்களின் கதையை வைத்துத் தம் ஆசானை மடக்கியதாகச் சொல்லப்படுகிறது. ஒருவன் நல்லவனாக இறந்தான், ஒருவன் தீயவனாக, ஒருவன் குழந்தையாக. வளர்ந்தால் பாவியாவான் என்று அறிந்தே குழந்தையைக் கடவுள் எடுத்துக்கொண்டார் என்றால், தீயவன் கேட்பானே: என்னையும் ஏன் குழந்தையிலேயே எடுத்துக்கொள்ளவில்லை? ஆசானிடம் விடை இருக்கவில்லை.

இக்கேள்வியை உலக இலக்கியத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர், அதைத் தம் வீட்டிலேயே சந்தித்தவர். ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கிக்கு வலிப்பு நோய் இருந்தது. 1878 மே மாதம் அவருடைய மகன் அலெக்ஸேய் மூன்று வயது நிறைவதற்குள், நீண்ட வலிப்பில் இறந்தான். நோய் தம்மிடமிருந்தே பிள்ளைக்குப் போனது என்று தஸ்தயேவ்ஸ்கி நம்பியதாகவும் அதனாலேயே துயரம் அவரைக் கூடுதலாக வதைத்ததாகவும் மனைவி அன்னா தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். சில வாரங்களில் தத்துவ அறிஞர் விளாதிமிர் சொலோவ்யோவுடன் ஒப்தினா மடத்துக்குச் சென்று மூத்த துறவி அம்புரோசியைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு கரமசோவ் சகோதரர்கள் நாவல் தொடராக வெளிவரத் தொடங்கியது.

அந்நாவலில் இவான், எதிர்காலத்தில் வரப்போகும் எந்த இசைவும் ஒரு குழந்தையின் கண்ணீருக்கு ஈடாகாது என்று கூறிக் கடவுளின் உலகத்தையே திருப்பித் தருகிறான். குழந்தைகளின் துன்பம் பற்றிய விவாதங்களில் தவறாமல் எடுத்துக்காட்டப்படும் பகுதி அது. ஆனால் இவான் அடுக்கும் சம்பவங்கள் எல்லாம் வளர்ந்தவர்கள் செய்யும் கொடுமைகள். அவற்றில் நோய் இல்லை. தம் மகனின் மரணத்தை தஸ்தயேவ்ஸ்கி இவானிடம் கொடுக்கவில்லை. மூன்று வயதுக்கு மூன்று மாதம் குறைவான அலெக்ஸேய் என்ற பிள்ளையை இழந்து, துறவி ஸோசிமாவிடம் வரும் ஏழைக் குடியானவப் பெண்ணிடம் கொடுத்தார். ஸோசிமா அவளுக்கு எந்தக் கணக்கும் விளக்குவதில்லை. ஆறுதல் கொள்ளாதே, அழு என்கிறார். கொடுமை செய்தவனைப் பார்த்து எழும் கேள்வி வேறு, நோய் தின்ற பிள்ளையைப் பார்த்து எழும் கேள்வி வேறு என்பதை தஸ்தயேவ்ஸ்கி உணர்ந்திருந்தார். முதலாவதில் குற்றவாளி உண்டு. இரண்டாவதில் குற்றவாளியைத் தேடப் போனால், தம்மைப்போல ஒரு தகப்பனே தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்வான் என்பதை அவர் அனுபவித்தே அறிந்திருந்தார்.

தெய்வமும் பேயும் விலகிய பிறகும் குற்றம் தேடும் பழக்கம் விலகவில்லை. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை இந்தியத் தருக்க மரபு காகதாலீய நியாயம் என்று குறித்துவைத்திருக்கிறது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததால் ஒன்றால் மற்றொன்று நிகழ்ந்ததாகாது. 1974-இல் பிரிட்டனில், கக்குவான் இருமல் தடுப்பூசிக்குப் பிறகு வலிப்பும் மூளைக் கேடும் அடைந்த குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஊசி போட்டுக்கொள்வோர் சுமார் 80 விழுக்காட்டிலிருந்து சுமார் 30 விழுக்காட்டுக்குச் சரிந்தனர். கக்குவான் இருமல் கொள்ளைநோயாகத் திரும்பி வந்தது. 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், தடுப்பூசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரைச் சோதித்தபோது, 11 பேரிடம் நரம்பு அணுக்களின் சோடியம் வாயிலைக் கட்டும் மரபணு ஒன்றில் மாற்றம் இருந்தது. அவர்களுக்கு இருந்தது, 1978-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் திராவே விவரித்த கடும் வலிப்பு நோயும் அதன் உறவு வகைகளும். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் முதல் வலிப்பை முன்கூட்டித் தூண்டியிருக்கலாம். நோய் கருவிலேயே எழுதப்பட்டிருந்தது. அம்மாற்றம் பெரும்பாலும் தாயிடமோ தந்தையிடமோ இருப்பதில்லை, அக்குழந்தையிடம் புதிதாகவே தோன்றுகிறது. ஊசி போட அழைத்துச் சென்றதற்காகப் பல ஆண்டுகள் தங்களையே சபித்துக்கொண்ட பெற்றோருக்கு இந்த ஒரு செய்தி எவ்வளவு பெரிய விடுதலை!

காரணமாக இருந்தும் குற்றமற்றவராக இருக்க முடியும் என்பதற்கு ரேயின் நோய் சான்று. 1963-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரே விவரித்த இந்நோயில், சளிக்காய்ச்சலோ சின்னம்மையோ தணியும் வேளையில் குழந்தைக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் வந்து, கல்லீரலில் கொழுப்பு படிந்து மூளை வீங்கும். காய்ச்சலுக்குக் கொடுத்த ஆஸ்பிரினோடு இதற்குத் தொடர்பிருப்பதை 1980-களின் தொடக்கத்தில் ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் 1979-80 பருவத்தில் 555 குழந்தைகளுக்கு வந்த நோய், எச்சரிக்கை பரவிய பின் அரிதாகிவிட்டது. மருந்தைக் கொடுத்தவை அன்புள்ள கைகள். தெரியாதபோது அக்கைகளில் பழியில்லை. தெரிந்த பிறகு சொல்லாமலிருந்தால் பழி உண்டு. அது பெற்றோரைச் சேராது, சொல்ல வேண்டியவர்களைச் சேரும்.

இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரியுமிடம் இந்தியாவின் மூளைக்காய்ச்சல் வரலாறு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அறியப்பட்டது 1955-இல், வேலூரை ஒட்டிய அன்றைய வட ஆர்க்காட்டுப் பகுதியில். அதன் வைரஸ் நெல்வயல் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுக்கள் வழியாகக் கொக்குகளுக்கும் பன்றிகளுக்கும் இடையே சுழல்கிறது. மனித இரத்தத்தில் அது கொசுவுக்குத் திரும்பும் அளவுக்குப் பெருகுவதில்லை. வைரஸின் வாழ்வில் மனிதக் குழந்தை ஓர் இலக்கே அன்று, வழிதவறி நுழைந்த இடம். தொற்றியவர்களில் சுமார் 250-இல் ஒருவருக்கே மூளை தாக்கப்படுகிறது. தாக்கப்பட்டவர்களில் 30 விழுக்காடு வரை இறக்கலாம். பிழைப்பவர்களிலும் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு நிரந்தர நரம்புக் குறை தங்கிவிடுகிறது. இதில் வினையையும் தோஷத்தையும் தேட என்ன இருக்கிறது? ஆனால் 2005-இல் கோரக்பூரைச் சுற்றிய கிழக்கு உத்தரப்பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், இந்நோயில் இறந்தபோது இந்நோய்க்குத் தடுப்பூசி உலகில் இருந்தது, ஜப்பானில் பல பத்தாண்டுகளாகவே பயன்பட்டும் வந்தது. அப்பகுதிக் குழந்தைகளுக்குப் பெருமளவில் ஊசி போடும் பணி 2006-இல்தான் தொடங்கியது. அதன் பிறகும் மழைக்காலந்தோறும் காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் தொடர்ந்தது. அக்குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைபஸ் தொற்றின் அடையாளம் இருப்பதை 2010-களின் நடுவில் நடந்த ஆய்வுகள் காட்டின. புதரிலும் புல்லிலும் வாழும் மிகச் சிறிய உண்ணிகளால் பரவும் அந்நோயை, காய்ச்சலின் தொடக்கத்திலேயே கொடுத்தால், டாக்ஸிசைக்ளின் போன்ற மலிவான மருந்து குணப்படுத்தும்.

பீகாரின் முசாபர்பூரில் 1995 முதலே கோடை தோறும் இன்னொரு மர்மம் நிகழ்ந்துவந்தது. லிச்சிப் பழம் பழுக்கும் மே, ஜூன் மாதங்களில், முந்தைய நாள் நன்றாக விளையாடிய குழந்தைகள் விடியற்காலையில் வலிப்போடு எழுந்தன, மயங்கின, பல இறந்தன. கிருமியைத் தேடியவர்களுக்குக் கிருமி கிடைக்கவில்லை. வேலூரைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் டி. ஜேக்கப் ஜானும் நச்சியல் அறிஞர் முகுல் தாஸும் 2014-இல் வேறொரு கருத்தை முன்வைத்தனர்: இது தொற்றாக இல்லாமல், லிச்சியிலுள்ள நச்சால் விளைவதாக இருக்கலாம். அதே ஆண்டு இந்திய, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் நடத்திய புலனாய்வு, 2017-இல் லான்செட் இதழ்க் குடும்பத்தில் வெளியானபோது அதை உறுதிசெய்தது. 2014-இல் மட்டும் இரண்டு மருத்துவமனைகளில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டு 122 பேர் இறந்திருந்தனர். லிச்சியிலுள்ள ஹைப்போகிளைசின் போன்ற பொருள்கள், உடல் கொழுப்பை எரிக்கும் வழியையும் புதிதாகச் சர்க்கரை ஆக்கும் வழியையும் அடைக்கின்றன. இரவு சாப்பிட்டுப் படுத்த பிள்ளைக்குக் கல்லீரலின் சேமிப்பு விடியும்வரை தாங்கும். பகலெல்லாம் தோப்பில் பழம் தின்று, இரவு உணவின்றிப் படுத்த மெலிந்த பிள்ளைக்கு விடிவதற்குள் சர்க்கரை வற்றிவிடும். மூளை முதலில் துடிக்கும், பிறகு வீங்கும். அதே பழத்தைத் தின்ற வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கு எதுவும் ஆகவில்லை. நச்சு பழத்தில் இருந்தது; அது கொல்வதற்கு வேண்டிய பசி குடிசையில் இருந்தது. ஆத்திரேயர் கங்கைக் கரையில் சொன்ன விடை, அதே கங்கைச் சமவெளியில் ஆய்வகத்தின் மொழியில் திரும்பச் சொல்லப்பட்டது.

புலனாய்வுக் குழுவின் பரிந்துரைகள் எளியவை: லிச்சியைக் குறைக்க வேண்டும், கோடையில் எந்தக் குழந்தையையும் இரவு உணவின்றிப் படுக்கவைக்கக் கூடாது, வலிப்போடு வரும் குழந்தைக்குச் சர்க்கரையளவைப் பார்த்து உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அவை கிராமங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆண்டுகளில் நோயும் மரணமும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் 2019 ஜூனில், அதே முசாபர்பூர்ப் பகுதியில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன.